கேட்காமல் போட்ட புள்ளடி

அண்மையில் ஒரு காலை வானொலியில் ஒரு மனிதர் கத்திக்கொண்டிருந்தார். பிரெஞ்சில்தான். நேயர்கள் ரெலிபோனில் வந்து மனதிலுள்ளதைக் கொட்டும் நிகழ்ச்சி அது. "என் வீட்டில் துவக்கு இருந்தால் டொக்டருக்கு என்ன? நான் இருமலுக்குப் போனால் அவர் இருமலைப் பார்க்கட்டும்!" என்றார் அவர். நிகழ்ச்சி நடத்துகிறவரும் நியாயம்தானே என்பது போல ஏதோ முனகினார். எனக்கு வந்த கோபத்தில், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ரெலிபோனைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். கோபம் வந்தால் என் பிரெஞ்சுக்குக் கால் தடக்கும். தமிழிலென்றால் ஆறுதலாகச் சொல்லலாம்.

வீட்டில் துவக்கு, துப்பாக்கி இருக்கிறதா என்ற அந்தக் கேள்வியைப் பதினாறு வருடங்கள் கேட்டவள் நான். அப்படிச் சொல்வதும் முழு உண்மையல்ல. சில வருடங்கள், சில பேரிடம், கேட்காமலேயே கேட்டதாக எழுதினேன். அதில் ஒரு மனிதருடைய உயிர், தாளில் நான் போட்ட ஒரு புள்ளடியில், அந்தச் சின்னப் பெருக்கல் குறியில், தொங்கியது. ஓய்வு பெற்றுவிட்டேன், இனி எவரும் என்னை வேலையால் நிறுத்த முடியாது. ஆகவே சொல்லலாம்.

நான் மன்னார்ப் பெண். யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி, மன்னார் ஆஸ்பத்திரியில் நாலு வருடம், எண்பதுகளின் கடைசியில் மொன்றியல். ஹோட்டலில் கட்டில் விரித்தேன், பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன், திரும்பப் பரீட்சை எழுதித் துணைத் தாதியானேன். எங்களில் அரைவாசிப் பேருடைய கதை இதுதான், இதை நீட்டத் தேவையில்லை. மொன்றியலின் லாசால் பகுதியில் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்தது. சனம் என்னை 'மிஸி' என்றுதான் கூப்பிடும். ஊரில் தாதிக்கு அதுதானே பெயர்.

நான் வேலை செய்தது டொக்டர் பெலான்ஜேயிடம். ஆறடிக்கு மேல் உயரம். வடக்கே காட்டுப் பக்கம் வேட்டைக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும், அது எவ்வளவு உயரமான கதவாக இருந்தாலும், தலையைக் கொஞ்சம் குனிவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனாவின் மூடியை எடுத்து மெதுவாகப் பூட்டுவார். அந்த 'டக்' சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். வேறு ஆட்கள் கத்தினாலும் எனக்கு அந்தப் பயம் வந்ததில்லை.

வருடாந்தப் பரிசோதனைக்கு வருகிற ஆளை முதலில் நான்தான் பார்ப்பேன். உயரம், நிறை, இரத்த அழுத்தம். அதன் பிறகு ஒரு தாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு பெட்டி, ஓம் அல்லது இல்லை. காரில் சீற் பெல்ற் போடுவீர்களா, தீப்பிடித்தால் அடிக்கிற புகை மணி வீட்டில் வேலை செய்கிறதா, சிகரெட், குடி, நித்திரை. அதற்குப் பிறகு, வீட்டில் துவக்கு இருக்கிறதா? ஓம் என்றால் இன்னும் மூன்று கேள்வி. பூட்டியிருக்கிறதா, தோட்டாக்கள் வேறிடத்தில் இருக்கின்றனவா, திறப்பு, அதாவது சாவி, யாரிடம்?

முதல் கிழமை டொக்டர் பெலான்ஜே தானே நோயாளியாக அந்தக் கதிரையில் உட்கார்ந்து என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். துவக்குக் கேள்வி வந்ததும் என் முகம் செத்தவீட்டு முகமாகிவிட்டதாம்.

"மதாம் ஜெசிந்தா, புகை மணியைப் பற்றிக் கேட்டபோது உங்களுக்கு ஒரு முகம் இருந்தது. அதே முகத்தோடு இதையும் கேளுங்கள்."

திரும்பக் கேட்டேன். "குரல் தணிகிறது," என்றார். திரும்பவும். "இப்போது சிரிக்கிறீர்கள். ஏன் சிரிக்கிறீர்கள்?" பத்துத் தரமாவது கேட்க வைத்திருப்பார். அழுத்தம் பார்க்கும் பட்டி கையில் கட்டியிருக்கும்போது இதைக் கேட்கக்கூடாது, அழுத்தம் ஏறிவிடும் என்றார். பட்டியைக் கழற்றி, அதைச் சுருட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அப்போது எங்கள் கைக்கு வேலை இருக்கும், கண்ணுக்கும் பார்க்க ஒரு இடம் இருக்கும், கேட்கப்படுகிற ஆளுக்குக் கொஞ்சம் தனிமை கிடைக்கும். பதிலுக்கு அவசரப்படக்கூடாது. பட்டி சுருட்டி முடிந்தாலும், அவிழ்த்துத் திரும்பச் சுருட்டு.

அவரிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. ஒருவரையும் விடக்கூடாது. "ஆளைப் பார்த்துத் தெரிந்தெடுத்துக் கேட்டால் அது குற்றச்சாட்டு. எல்லாரையும் கேட்டால் அது வெறும் வழக்கம்."

எல்லோரையும் கேட்டேன். ஒரு கன்னியாஸ்திரியைக் கூடக் கேட்டேன். "எங்கள் மடத்துத் தலைவியின் வாய் இருக்கிறது, அதைக் கணக்கில் சேர்ப்பீர்களா?" என்றார் அவர். ஒரு விதவைப் பாட்டி, புருஷன் செத்து ஒன்பது வருடமாக அவருடைய துவக்கு கட்டிலுக்கடியில் கிடக்கிறது, தொடப் பயம், கூட்டும்போது அதைச் சுற்றித்தான் கூட்டுவேன் என்றார். டொக்டர் ரெலிபோன் எடுத்துக் கொடுக்க, பொலிஸ்காரர் இருவர் மரியாதையாக வந்து எடுத்துப் போனார்கள். உள்ளே தோட்டா இருந்ததாம். அந்தப் பாட்டி எங்களுக்கு ஆப்பிள் கேக் அனுப்பினார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது, எங்கள் சனம் வரும்வரைக்கும்.

முதன்முதல் நான் தமிழில் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு தாயிடம். வந்து எட்டு மாதம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நான் பட்டியைச் சுருட்டிக்கொண்டு, புகை மணி முகத்தோடு, சொல்லித்தந்தபடியே கேட்டேன்.

"வீட்டிலை துவக்கு ஏதும் இருக்கோ, அம்மா?"

அந்த மனுசியின் முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது.

"ஆர் மிஸி உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாரிட்டையும் கேக்கிறதுதான்."

"எங்கடை வீட்டிலை ஆம்பிளைப் பிள்ளையளே இல்லை, மிஸி. ரெண்டும் பெட்டையள். சத்தியமா. வேணுமெண்டா வந்து பாருங்கோ."

கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு போய்விட்டார். டொக்டரைப் பார்க்கவேயில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் நான் போய் நின்றதும் கதை நின்றது. பிறகுதான் தெரிந்தது, 'ஜெசிந்தா இமிக்கிரேசனுக்கு ஆள் காட்டிக் குடுக்கிறாவாம்' என்று செய்தி பரவியிருக்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஒரு மாதத்துக்கு எங்கள் சனம் என்னை விட்டுவிட்டு, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மற்றத் தாதியிடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு பெண் தன்னுடைய மாதவிடாய்ப் பிரச்சினையை ஒன்பது வயது மகனை வைத்துச் சொன்னார். அதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றைக்கே முடிவெடுத்தேன். எங்கடை சனத்திடம் துவக்கு எங்கே? துவக்குக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தது? அந்தச் சொல்லைக் கேட்டாலே சோதனைச் சாவடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஞாபகம் வருகிற ஆட்களை நானும் ஏன் வருத்த வேண்டும்? தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும். தமிழ்ப் பெயர் உள்ள தாளென்றால், ஆள் உள்ளே வரமுதலே 'இல்லை' பெட்டியில் ஒரு புள்ளடி போட்டு வைத்தேன். டொக்டருக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, நான் என்ன கேட்டேன், என்ன விட்டேன் என்று எப்படித் தெரியும்? சனம் திரும்பி வந்தது. நான் நல்ல காரியம் செய்கிறேன் என்று உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சல் வரும்.

செபமாலை அண்ணை எங்கள் பங்குக் கோயில் ஆள். ஐம்பத்து நாலு வயது. கிழக்குப் பக்கம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு களஞ்சியத்தில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டினார். மனைவி றீற்றா, கலியாணம் செய்து ரொறன்ரோ போன மூத்த மகள், கல்லூரி படிக்கிற இளைய மகள். கோயிலில் கதிரை அடுக்குவதிலிருந்து கூட்டுச் சமையலுக்குக் கிடாரம் தூக்குவது வரைக்கும் முன்னுக்கு நிற்பார். அதிகம் கதைக்க மாட்டார். ஒரு ஐப்பசி மாதம் களஞ்சியத்தில் பெட்டி சரிந்து வலது தோள் கிழிந்துபோனது. வேலைக்குப் போக முடியவில்லை. சத்திர சிகிச்சை ஒன்று, பயிற்சி, இன்னும் பயிற்சி, மாதங்கள் போயின.

மாசி மாதம் வருடாந்தப் பரிசோதனைக்கு வந்தார். மெலிந்திருந்தார். நித்திரை எப்படி என்று கேட்டேன். "வரும், போகும்," என்றார். நான் பட்டியைச் சுருட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் தாளைப் பார்த்தேன். துவக்குக் கேள்விக்கு எதிரே என் புள்ளடி ஏற்கெனவே கிடந்தது. "அப்ப டொக்டரைப் பாருங்கோ அண்ணை," என்று கதவைத் திறந்துவிட்டேன். டொக்டர் பெலான்ஜே தோளைப் பார்த்தார், நித்திரைக்கு ஒரு குளிசை எழுதினார். தாளில் ஆபத்தான விஷயம் எதுவும் இல்லையே, அவர் வேறென்ன செய்வார்?

வைகாசியில் ஒரு நாள் பதினொரு மணிபோல றீற்றா வந்தாள். அவளுடைய சொந்தப் பரிசோதனை. பட்டியைக் கட்டிப் பார்த்தேன், அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. திரும்பப் பார்த்தேன், அதேதான்.

"என்ன றீற்றா இது? பஸ்ஸாலை இறங்கி ஓடி வந்தனியோ?"

"இல்லை அக்கா. இவர் இப்ப நல்லா இருக்கிறார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"விசர்க்கதை கதைக்காதை. நல்லா இருந்தா ஏன் பயம்?"

"மூண்டு நாளா முகம் தெளிஞ்சு இருக்கு. எத்தினையோ மாசம் பேசாத மனுசன், மகளோடை சிரிச்சுக் கதைக்கிறார். கோயிலுக்குப் போய்ச் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டு வந்தார். தன்ரை குளிர்க் கோட்டு, சப்பாத்து, தூண்டில் எல்லாம் கூட வேலை செய்யிற றேஜானுக்குக் குடுத்திட்டார். ஏன் எண்டு கேட்டா, எனக்கு இனி எதுக்கு எண்டுறார்." அவள் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். "எல்லாம் குடுத்திட்டார். அதை மட்டும் குடுக்கேல்லை."

"எதை?"

"அந்தச் சாமானை."

"எந்தச் சாமானடி?"

கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வேட்டைத் துவக்கு, அக்கா."

கதவை இன்னும் இறுக்கிச் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

பத்து வருடமாக வேட்டைக்குப் போகிறாராம். றேஜான்தான் பழக்கியது. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, முறையாக லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிற துவக்கு. ஒவ்வொரு இலையுதிர்காலமும் 'கொம்பனி அலுவலா வடக்கை போறன்' என்று பங்கில் சொல்லிவிட்டுப் போவது இதற்குத்தானாம்.

"சனத்துக்குத் தெரிஞ்சா என்ன கதை கட்டுங்கள் எண்டு பயந்து நாங்கள் மூச்சு விடேல்லை. மகளின்ரை உறுதிப்பூசுதல் விருந்திலை நீங்கள் ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது மாட்டிறைச்சி இல்லை அக்கா. மூஸ்."

மூஸ் என்பது இங்கத்தைய மாடு மாதிரிப் பெரிய மான். வேறொரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மாசி மாதத்துத் தாளும் அதில் என் கையெழுத்துப் புள்ளடியும்தான்.

"இப்ப அவர் எங்கை?"

"வீட்டிலை. தனிய. மகள் மூண்டு மணிக்குத்தான் வருவாள்."

டொக்டர் பெலான்ஜேயின் அறைக்குள் தட்டாமல் போனேன். பதினாறு வருடத்தில் அந்த ஒரு தரம்தான். அவர் வேறொருவருடைய எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். றீற்றா சொன்னது, துவக்கு, மாசி மாதத்துத் தாள். "நான் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினேன். தமிழர் ஒருவரிடமும் நான் கேட்பதில்லை," என்றேன். கால் தடக்கினாலும் அன்றைக்கு என் பிரெஞ்சு போய்ச் சேர்ந்தது.

அவர் எக்ஸ்றேயை மேசையில் வைத்தார். பேனாவை எடுத்தார். மூடியைப் பூட்டினார். 'டக்'.

"அதைப் பிறகு பேசுவோம்," என்றார். "திறப்பு யாரிடம்?"

"தெரியாது."

றீற்றாவின் அறைக்கு வந்து அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவசரம் துளியும் காட்டவில்லை. வீட்டுக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னார், ஆனால் பொய் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். "உங்களுக்கு அழுத்தம் அதிகம், பஸ்ஸில் தனியே போகக்கூடாது. அது உண்மை. அவரை வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள்."

றீற்றா எண்களை அழுத்தினாள். மணி அடிக்கிறது எங்களுக்கும் கேட்டது. நாலு, ஐந்து, ஆறு. நான் மனதுக்குள் மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாவது மணிக்கு எடுத்தார்.

"இஞ்சருங்கோ, எனக்குப் பிறசர் கூடிப்போச்சு. தனிய வர ஏலாதாம். வந்து கூட்டிக்கொண்டு போறியளே?"

அந்தப் பக்கத்திலிருந்து, "வாறன்," என்றார்.

இருபது நிமிடம். நான் கிளினிக் வாசலில் நின்றேன். அவருடைய பழைய வெள்ளைக் கார் வந்து நின்றபோது எனக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கோயிலுக்குப் போடுகிற நீலச் சேர்ட்டை நன்றாக ஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். ஞாயிறல்லாத கிழமை நாளில்.

"எங்கை இவள்? என்ன செய்யுது?" என்று பதறிக்கொண்டு வந்தார். அவளைப் பார்க்கவிட்டு, பிறகு டொக்டரின் அறைக்குள் கூட்டிப்போனோம். டொக்டர் மூன்று கதிரையைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார், மேசைக்கு அந்தப் பக்கம் போய் இருக்கவில்லை.

"நீங்கள் கேளுங்கள், மதாம் ஜெசிந்தா," என்றார். "தமிழில். ஒரு சொல்லும் குறைக்காமல்."

பட்டி இல்லை, சுருட்டுவதற்கு எதுவுமில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். புகை மணி முகம் வந்ததா என்று தெரியாது.

"அண்ணை, வீட்டிலை துவக்கு இருக்கோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஓம்."

"பூட்டியிருக்கோ? தோட்டா வேறை இடத்திலையோ?"

"ஓம்."

"திறப்பு ஆரிட்டை?"

நீலச் சேர்ட்டின் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னத் திறப்பை எடுத்தார். கார்த் திறப்பு, வீட்டுத் திறப்பு எல்லாம் இடுப்பு வளையத்தில் தொங்கின. இதை மட்டும் அந்த வளையத்திலிருந்து தனியே கழற்றி, நெஞ்சுப் பையில் வைத்திருந்தார்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. தாளில் இல்லாத கேள்வி. டொக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"சாகிற யோசினை இருக்கோ, அண்ணை?"

இவ்வளவு நாளும் ஒருவருக்கும் முன்னால் அழாத மனுசன். தோள் குலுங்கியது, அந்தக் கிழிந்த தோளும் சேர்த்து. "ஓம் மிஸி," என்றார். "இண்டைக்குத்தான். ரெலிபோன் அடிக்கேக்கை நான் கீழ் அறையிலை நிண்டனான்."

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"மாசியிலை வந்தனான் தானே. சீற் பெல்ற் கேட்டியள், சிகரெட் கேட்டியள். கூட வேலை செய்யிறவை சொல்லியிருக்கினம், இந்த டொக்டர் துவக்கும் கேக்கிறவர் எண்டு. கேட்டா எல்லாத்தையும் சொல்லி அதைக் குடுத்திடுவம் எண்டுதான் வந்தனான். நீங்கள் கேக்கேல்லை."

"பிழை விட்டிட்டன் அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். அவர் மேசையில் அந்தத் திறப்பை வைத்தார். ஒருவரும் அதை உடனே எடுக்கவில்லை.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். பொலிஸ் வந்து எடுக்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ள நம்பிக்கையான ஒருவர் எடுத்து வைக்கலாம். எது உங்களுக்கு விருப்பம் என்று அவரையே கேட்டார். "றேஜான்," என்றார் செபமாலை அண்ணை. றேஜான் வேலையிலிருந்து அப்படியே, களஞ்சியத்துச் சப்பாத்தோடு, மஞ்சள் பாதுகாப்பு அங்கியோடு வந்து சேர்ந்தான். உருண்டு திரண்ட, சிவந்த முகக்காரன். "செப்... செப்... ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டுக் கேட்டு மூக்கைச் சிந்தினான். திறப்பையும் துவக்கின் பதிவுத் தாளையும் வாங்கிக்கொண்டு றீற்றாவோடு வீட்டுக்குப் போனான். நான் செபமாலை அண்ணையோடு டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே அவசரப் பிரிவில் காத்திருந்தபோது றீற்றாவின் ரெலிபோன் வந்தது.

"எடுத்துக்கொண்டு போட்டார் அக்கா. தோட்டாப் பெட்டியும் போச்சு. கீழ் அறையிலை இப்ப ஒண்டுமில்லை. நான் லைற்றெல்லாம் போட்டுப் பாத்திட்டன்."

கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் நின்று நான் ஒரு குரல் அழுதேன். ஒரு துப்புரவுத் தொழிலாளி வந்து, யாராவது செத்துவிட்டார்களா என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார். "இல்லை," என்றேன். "ஒருவரும் சாகவில்லை." அவருக்கு விளங்கியிருக்காது. எனக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் காலை டொக்டர் பெலான்ஜே என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். எனக்கு நியாயமாகவும் பட்டது. அவர் பேனாவைத் தொடவில்லை.

"என் அண்ணன் ஒருவன் இருந்தான்," என்றார். "எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு துவக்கு நிற்கும். ஒரு கார்த்திகை மாதம் அவன் இடுப்பு நாரி வலிக்கிறதென்று டொக்டரிடம் போனான். டொக்டர் நாரியைப் பார்த்தார். அன்றைக்குப் பின்னேரம் அவன் இல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் உங்கள் மக்களை மரியாதையாக நடத்துவதாக நினைத்தீர்கள். அந்த டொக்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார்."

அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்குப் பதில் வேலை தந்தார். கேட்காமல் எழுதிய ஒவ்வொரு தாளையும் எடுத்து, ஒவ்வொருவருக்கும் ரெலிபோன் எடுத்து, நான் கேட்காமல் எழுதினேன் என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பிறகு கேள்வியைக் கேட்க வேண்டும். ஆடி மாதம் முழுக்க அதுதான் செய்தேன். முதலில் சொல்லிவிடுவேன்: "இந்தத் தாள் பொலிசுக்கும் போகாது, இமிக்கிரேசனுக்கும் போகாது. வெள்ளைக்காரர், கன்னியாஸ்திரி, எல்லாரிட்டையும் கேக்கிறது." இந்த இரண்டு வசனத்தை அன்றைக்கு அந்தத் தாயிடம் முதலில் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காதே என்று ஒவ்வொரு தரமும் நினைத்தேன். அந்தத் தாய்க்கும் எடுத்தேன். வழக்கு வென்று ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கியிருந்தார். "அட, இதுக்கோ மிஸி அண்டைக்கு என்னைச் சாகிற அளவுக்குப் பயப்படுத்தினனீங்கள்?" என்று சிரித்தார்.

சென்னையிலிருந்து வந்து கொம்பியூட்டர் வேலை செய்கிற ஒரு பிள்ளை, "கன்னா மேடம், துப்பாக்கியா? எங்க ரூம்ல உருப்படியா ஒரு கத்தரிக்கோல் கூட இல்ல மேடம்," என்றான். ஒருத்தி மட்டும் குரலைத் தணித்து, வீட்டுச் சொந்தக்காரன் தன் துவக்கைத் தாங்கள் இருக்கிற வீட்டு அலுமாரியில் பூட்டாமல் வைத்திருக்கிறான், பிள்ளைகள் ஒளித்து விளையாடுகிற இடம் அது, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இரண்டு வருடமாகத் தவிக்கிறோம் என்றாள். இரண்டு வருடம்! அதற்கிடையில் அவள் இரண்டு தரம் என் முன்னால் கதிரையில் இருந்திருக்கிறாள். அந்தக் கிழமையே அந்தத் துவக்கு அங்கிருந்து போனது.

செபமாலை அண்ணை ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை இருந்தார். பிறகு மருந்து, கிழமைக்கொரு தரம் கதைக்கப் போவது. மார்கழியில் வேலைக்கும் திரும்பினார், வண்டியில் அல்ல, களஞ்சியத்து அலுவலகத்தில் சரக்குப் பார்க்கிற வேலை. பூசையில் கண்டால் தலையசைப்போம். அதற்குமேல் நான் போய்க் கதைக்கவில்லை, எனக்கு முகம் கொடுக்க வெட்கம். என்னைப் பார்த்தால் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வருமே என்றும் பயம்.

மாசி வந்தது. பரிசோதனைக்கு வந்தார். நிறை கூடியிருந்தது. அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது. பட்டியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, சீற் பெல்ற், புகை மணி, சிகரெட், குடி, நித்திரை என்று ஒழுங்காக வந்து, அந்த இடத்தில் நின்றேன்.

"வீட்டிலை துவக்கு இருக்கோ, அண்ணை?"

"இல்லை. றேஜான் வீட்டிலை பூட்டிக் கிடக்கு. திறப்பு அவன்ரை மனுசியிட்டை."

'இல்லை' பெட்டியில் புள்ளடி போட்டேன். "அவ்வளவுதான். டொக்டரைப் பாருங்கோ," என்று எழும்பிக் கதவுப் பிடியில் கை வைத்தேன். அவர் எழும்பவில்லை.

"மிஸி, போன வருசம் இன்னொரு கேள்வி கேட்டனீங்கள். அதை ஏன் இண்டைக்குக் கேக்கேல்லை?"

பாருங்கள் என்னுடைய புத்தியை! இவ்வளவு பட்ட பிறகும், பாவம் மனுசனை நோகடிக்கக்கூடாது என்று அதை விட்டுவிட்டுப் போகப் பார்த்தேன்.

"கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

திரும்ப வந்து இருந்தேன். சுருட்டின பட்டியை அவிழ்த்து, முதலிலிருந்து சுருட்டினேன்.

"சாகிற யோசினை இருக்கோ, அண்ணை?"

அவர் அவசரப்படவில்லை. நானும்தான்.

"இல்லை, மிஸி."

எனக்குக் கண் நிறைந்து தாள் தெரியாமல் போய்விட்டது.

"ஏன் இப்ப அழுகிறியள்? இல்லை எண்டுதானே சொன்னனான்."

"அதுக்குத்தான் அண்ணை அழுகிறன்," என்றேன்.